காது மடிந்த நாயும் சீலண்ணாவின் குரலும்

சீலண்ணா, நீ ஒருநாளும் ஜேர்மனிக்குப் போனதில்லை. பாஸ்போட் கூட எடுக்காதவன் நீ. ஆனாலும் அம்மா உன்னை அங்கேதான் தேடச் சொன்னார். "போய்க் கையோட கூட்டிக்கொண்டு வா" என்றார். போனேன். நான்கு நாள் இருந்து திரும்பி வந்தேன். அங்கே கண்டதையும் பயந்ததையும்தான் இதில் எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறேன். பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

முதலில் நடந்ததைச் சொல்லவேண்டும். சீலன் என் அண்ணன். யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் இருந்து கல்வெட்டு எழுதினான். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு சிறு புத்தகம் அடித்து, வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். இறந்தவரின் படம், வாழ்ந்த கதை, பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல் என்று பாட்டுகள். அதற்குப் பெயர் கல்வெட்டு. சீலண்ணா அந்தப் பாட்டுகளை எழுதுவான். வெளிநாட்டுக் குடும்பங்களுக்குத் தானே வாசித்துப் போனில் பதிந்தும் அனுப்புவான். அதில் பாதிக்கு மேல் ஜேர்மனியில் இருக்கும் வரதன் அண்ணை என்பவர் மூலமாக வந்த வேலைதான்.

வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் "அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால், "தெரியாது அண்ணை, அவர் எந்தநேரமும் வேலையில" என்பார்களாம். வெறும் பிறந்த திகதியை வைத்துக்கொண்டு என்ன பாட்டு எழுதுவது? அதனால் அவன் எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப் போடுவான். எங்கள் நாய் ஜிம்மிக்கு ஒரு காது மடிந்திருக்கும். அந்த நாய், எங்கள் கிணற்றுக் கப்பி, எல்லாம் யார் யாரோ செத்தவர்களின் பாட்டில் போய் இருக்கும். "கிளாலி ஆளின்ர கல்வெட்டில எங்கட ஜிம்மி அழுகுதடா" என்று போனில் சொல்லிச் சிரிப்பான். சிரித்தால் இருமுவான். சிறுவயதிலிருந்தே அவனுக்கு இழுப்பு.

போன வருடக் கடைசியில் வேலை குறைந்தது. "ஜேர்மனியில ஆக்கள் சாகிறதை விட்டிட்டினம் போல" என்று பகிடி விட்டான். பிறகு சீமெந்து லொறியில் உதவிக்குப் போகத் தொடங்கினான். மாசி மாதம் அந்த லொறி புரண்டு செத்துப்போனான். சவப்பெட்டியைத் திறக்காமலே கொண்டுபோனார்கள். அம்மா முகம் பார்க்கவில்லை. எனக்கு பிரான்சில் அகதி கார்ட், ஊருக்குப் போக முடியாது. நானும் பார்க்கவில்லை.

இருபதாம் நாள் அம்மாவின் போனுக்கு யாரோ ஒரு கல்வெட்டு அனுப்பினார்கள். ஜேர்மனியில் முந்தின வாரம் செத்த ஒருவரின் அந்தியேட்டிக்கு முன்கூட்டியே வாசித்துப் பதிந்தது. வாசித்த குரல் சீலண்ணாவின் குரல். அதே இழுவை, வரி முடிவில் அதே மூச்சு.

"போன கிழமை செத்த ஆளுக்கு, போன மாசம் செத்தவன் எப்பிடியடா வாசிப்பான்?" என்று அம்மா கேட்டார். "அவனை ஆரோ அங்க கூட்டிக்கொண்டு போட்டாங்கள். பெட்டிக்குள்ள இருந்தது வேற ஆரோ. உயிரோட இருக்கிற பிள்ளைக்கு நான் அந்தியேட்டி செய்யமாட்டன்."

செய்யவும் இல்லை. நான்கு மாதமாக அவனுக்குச் சாப்பாடு போட்டு மூடிவைக்கிறார். அதனால்தான் போனேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினேன். எல்லையில் பொலிஸ் ஏறி ஒவ்வொருவராகப் பார்த்து வந்தார்கள். என்னிடம் வந்தவர் கார்ட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திரும்பவும் கார்ட்டைப் பார்த்தார். எதற்குப் போகிறாய் என்று கேட்டார். "செத்த அண்ணனைத் தேடி" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. "அக்கா வீட்டுக்கு" என்றேன். அவர் போன பிறகும் கார்ட்டைப் பைக்குள் வைக்காமல் பிடித்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஆப்பிரிக்கப் பெடியன் ஒரு வாழைப்பழம் தந்தான். அவனும் தன்னுடைய கார்ட்டை இன்னும் உள்ளே வைக்கவில்லை.

பிராங்பேர்ட்டில் எஸ்-பான் ரயில் எடுக்கவேண்டும். இலக்கம் சரியாகத்தான் ஏறினேன். திசை பிழை. இறங்கிப் பார்த்தால் விமான நிலையம். திருப்பி அனுப்புகிறவர்களை ஏற்றும் இடம் என்றுதான் எனக்கு விமான நிலையம் தெரியும். பெட்டி இழுக்கிற சனம், துவக்கோடு பொலிஸ், விளங்காத அறிவித்தல். விலாசம் எழுதிய துண்டுக் கடதாசியோடு ஓர் ஓரமாக நின்றேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவி என் கையிலிருந்த துண்டை வாங்கி விலாசத்தைப் படித்தார். ஏதோ ஏசிக்கொண்டே என் சட்டைக்கையைப் பிடித்து மற்ற மேடைக்குக் கொண்டுபோய், ரயிலுக்குள் தள்ளிவிட்டார். பரிஸில் இப்படி யாரும் ஏசவும் மாட்டார்கள், தள்ளிவிடவும் மாட்டார்கள்.

ரமணி அக்கா என் பெரியம்மாவின் மகள். முதியோர் இல்லத்தில் வேலை. அவருடைய மகள் அபி அங்கேயே பிறந்தவள், கம்ப்யூட்டரில் அவுஸ்பில்டுங் செய்கிறாள், அதாவது வேலை பழகிக்கொண்டே படிப்பு. கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவரோ மாமா? என்னைவிட நாலு வயசுதானே கூட!"

"முறையெண்டா முறைதான். வழியை விடு" என்றார் ரமணி அக்கா.

"சரி மாமா, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. சத்தமாக் கதைக்காதேங்கோ, கீழ்வீட்டு மனுசி தும்மினாலும் மேல வந்திடும்."

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தந்தார்கள். பரிஸில் கடையில் மிஞ்சியதைத் தின்று பழகியவன், கோப்பையை வழித்துத் தின்றேன். அம்மா ஊரிலிருந்து போன் எடுத்தார். "கண்டியோ?" என்றார். இல்லை என்றேன். ஒரு மணித்தியாலத்தில் திரும்பவும் எடுத்தார். "கண்டியோ?"

ரமணி அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு இஞ்ச ஒரு அந்தியேட்டி இருக்கு. வரதன் அண்ணை செய்து குடுக்கிற கல்வெட்டுத்தான். வா, நீயே கேள்."

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஊர் செத்துக் கிடந்தது. கடை இல்லை, சத்தம் இல்லை, உடுப்புக் காயப்போடக் கூட ஆளில்லை. வாடகைக்கு எடுத்த மண்டபத்துக்குள் மட்டும் நம்முடைய சனம். இறந்தவர் முப்பது வருடம் பாண் தொழிற்சாலையில் வேலை செய்தவராம். வடை, பாயாசம், ஐயர் எல்லாம் இருந்தது. சாப்பாட்டுக்கு முன் இறந்தவரின் மகள் கல்வெட்டை எல்லோருக்கும் கொடுத்தார். பளபளவென்ற தாள். பிறகு ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைத் தட்டிவிட்டார்கள்.

சீலண்ணா வாசித்தான்.

அது அவனேதான். பெயரைச் சொல்லுமுன் தொண்டையைச் செருமினான். நாலாவது வரியில் நெஞ்சு இழுத்தது. வீட்டில் அப்படி இழுத்தால் மருந்துக் குழாயை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. செத்த பிறகும் அவனுக்கு இழுப்பு நிற்கவில்லையே என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் உண்மையாகவே பயந்தேன். அம்மா சொன்னது சரியோ? இந்தச் சுவருக்குப் பின்னால் எங்கேயோ அவனை இருத்தி வாசிக்கவைக்கிறார்களோ?

பிறகு இந்த வரி வந்தது:

காது மடிந்த நாயும் கஞ்சி தொடாது காத்திருக்க,
கப்பிக் கயிறும் உங்கள் கைதேடி ஆடுதையா.

இறந்தவரின் மகன் நிமிர்ந்தான். "நாயோ? அப்பாவுக்கு நாயெண்டாலே ஏலாது, தும்முவார்."

"மூண்டாம் மாடியில நாயும் கிணறும்! வீட்டுக்காரன் கேட்டால் வீட்டை விட்டு எழுப்பிப்போடுவான்" என்றார் ஒருவர் மெதுவாக.

"போன மாசம் டோர்ட்முண்டிலயும் இதே நாய் வந்ததடி" என்று ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார். "அங்க செத்தது ஒரு பொம்பிளைப் பிள்ளை."

"என்ரதில எண்டாலும் பூனையாப் போடச் சொல்லுங்கோ" என்றார் ஒரு முதியவர். வாயைப் பொத்திக்கொண்டு ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள்.

இறந்தவரின் மகள் மட்டும் சிரிக்கவில்லை. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். "நாய் இல்லாட்டி என்ன, அந்தக் குரல் என்ர அப்பாவைச் சொல்லுது" என்றார். நான் எழுந்து, அது எங்கள் ஜிம்மி, அது எங்கள் கிணறு, வாசிக்கிறவன் என் அண்ணன் என்று கத்தவேண்டும் போல் இருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். வடையைக் கையில் வைத்தபடி இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அபியோடு வரதன் அண்ணையிடம் புறப்பட்டேன். ரயில் இல்லை. பாதையில் வேலை நடக்கிறதாம், பதிலுக்கு ஒரு பஸ். அந்த பஸ் ஒவ்வொரு கிராமமாகச் சுற்றியது. ஜேர்மனியில் எல்லாம் நேரத்துக்கு நடக்கும் என்று பரிஸில் சொல்வார்கள். அபியிடம் அதைச் சொன்னேன். "ஆர் சொன்னது? அவையைப் பிடிச்சு இந்த பஸ்ஸில ஏத்துங்கோ" என்றாள். வழியில் முறுக்கி வளைத்துச் சுட்ட ஒரு பாண் வாங்கித் தந்தாள். மேலே கல்லுப்பு. ஒவ்வொரு உப்பாகத் தட்டித் தட்டித் தின்றேன்.

"அபி, அது பேயோ?" என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. "இல்லை மாமா. ஏஐ. உங்கட அண்ணா எழுதினது, வாசிச்சது எல்லாத்தையும் அதுக்குக் குடுத்துப் பழக்கியிருப்பினம். அது யோசிக்கிறேல்லை. அவர் அடுத்ததா என்ன சொல்லுவார் எண்டு பாத்து அதைச் சொல்லும். அவர் அழுகிற இடத்தில நாயைப் போட்டார். அதுவும் போடுது. ஏனெண்டு அதுக்குத் தெரியாது."

"அவனைக் கேக்காமலோ?"

"அதைத்தான் நாங்கள் போய்க் கேக்கப்போறம்."

வரதன் அண்ணையின் இடம் ஒரு வீட்டின் கீழ்த்தளம். சாவு அறிவித்தல், மாலை, கல்வெட்டு, எல்லாம் அவரே. மணியடித்தோம். கதவைப் பாதி திறந்து, "டெர்மின் எடுத்தனீங்களோ? நேரம் குறிக்காமல் ஆக்களைப் பாக்கிறேல்லை." என்றார். பிறகு என்னைப் பார்த்தார். பின்னால் இரண்டு அடி போனார்.

"கடவுளே. சீலன்ர முகம்."

அவரும் பயந்தார் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நல்ல மனிதர் மாதிரித்தான். தேத்தண்ணி தந்தார், கேக் வெட்டித் தந்தார். "எனக்கும் அவன் தம்பி மாதிரித்தான். அவன்ர குரல் அழியக்கூடாதெண்டுதான் இதைச் செய்தனான்" என்றார்.

"அவனைக் கேட்டனீங்களோ அண்ணை?"

"அதுக்குள்ள அவன் போயிட்டானே."

அபி சுவரிலிருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய கல்வெட்டுகள் வரிசையாக இருந்தன. "இது ஐப்பசியில செய்தது. இதிலயும் மிஷின்ர குரல்தான், எழுதியிருக்கு. இவற்ற அண்ணா செத்தது மாசியில" என்றாள். "கையெழுத்து வாங்கின பேப்பர் எங்க?"

"நீ சும்மா இரு பிள்ளை. பெரியாக்கள் கதைக்கிறம்."

"வாங்கேல்லை. அப்பிடித்தானே?"

அவர் கேக் கத்தியைத் துடைத்தார். துடைத்த கத்தியைத் திரும்பவும் துடைத்தார். ஐப்பசியில் தொடங்கியிருக்கிறார். ஐப்பசியிலிருந்துதான் அண்ணாவுக்கு வேலை வரவில்லை. ஜேர்மனியில் சாவு நிற்கவில்லை. அவனுக்குப் பதிலாக அவனே வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான், அவனுக்குத் தெரியாமல். அதனால்தான் லொறியில் ஏறினான். இதை நான் சத்தமாகச் சொல்லவில்லை. வரதன் அண்ணைக்கு விளங்கியது. தலை நிமிரவில்லை.

"அழிச்சுவிடுங்கோ அண்ணை" என்றேன்.

"அவன் அனுப்பின பதிவுகளை அழிக்கலாம் தம்பி. மிஷின் படிச்சதை எப்பிடி அழிக்கிறது? நீ பள்ளிக்கூடத்தில படிச்சதை அழியெண்டு சொன்னால் ஏலுமோ?"

"எனக்கு அது தன்பாட்டில அழிஞ்சுபோச்சு அண்ணை."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நான் நிப்பாட்டுவன். சத்தியமா நிப்பாட்டுவன். ஆனால் இதைச் செய்து தந்த ஆள் வேற ரெண்டு இடத்துக்கும் குடுத்திட்டான். அவை நிப்பாட்டுவினமோ எண்டு நான் எப்பிடிச் சொல்ல?"

அந்த நேரம் என் போன் அடித்தது. அம்மா. "கண்டியோ?"

நான் வரதன் அண்ணையைப் பார்த்தேன்.

"ஏன்ரா கதைக்கிறாயில்லை? பக்கத்தில நிக்கிறானோ? போனைக் குடு அவனிட்ட."

வரதன் அண்ணைக்கும் அது கேட்டது. அவருடைய கண் கலங்கியது. மேசையில் இருந்த கம்ப்யூட்டரையும் ஒலிபெருக்கிப் பெட்டியையும் காட்டி மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நான் அடிச்சுவிட்டா அது என்னவும் கதைக்கும். அந்த மனுசிக்கு ஒரு ஆறுதலுக்கு... அவன் தாயை எப்பிடிக் கூப்பிடுவான்? சொல்லு, அப்பிடியே அடிக்கிறன்."

இந்த இடத்தை எழுதத்தான் எனக்குக் கை ஓடவில்லை.

சீலண்ணா அம்மாவை அம்மா என்று கூப்பிடமாட்டான். அதற்கு அவனிடம் ஒரு பட்டப்பெயர் இருந்தது. படலையைத் திறக்கும்போதே அதைச் சொல்லி, கூடவே ஒரு கேள்வி கேட்பான். அம்மா பொய்க்குக் கோபித்துக்கொண்டு அகப்பையோடு வருவார். அது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். எந்தக் கல்வெட்டிலும் அவன் அதை எழுதவில்லை. நாயைக் கொடுத்தான், கிணற்றைக் கொடுத்தான், மூச்சையும் கொடுத்தான். அதை மட்டும் கொடுக்கவில்லை.

நான் சொல்லியிருந்தால் அந்தப் பெட்டி சொல்லியிருக்கும். அம்மாவுக்கு அவன் இன்னும் பத்து வருடம் ஜேர்மனியில் உயிரோடு இருந்திருப்பான். மூடிவைத்த சாப்பாட்டோடு அம்மாவும் இருந்திருப்பார்.

"அம்மா எண்டுதான் கூப்பிடுவான்" என்றேன்.

அபி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வரதன் அண்ணை அடித்தார். போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"அம்மா, நான் சீலன். நீங்கள் சுகமா இருக்கிறீங்களோ? என்னை நினைச்சுக் கவலைப்படாதேங்கோ அம்மா." நடுவில் மூச்சு இழுத்தது. கடைசிச் சொல்லைக் கல்வெட்டு வாசிக்கிற மாதிரி நீட்டியது.

அம்மாவின் பக்கத்தில் கோழி ஒன்று கொக்கரிப்பது கேட்டது.

"ஆரது?" என்றார் அம்மா.

போனைத் திரும்பக் காதில் வைத்தேன்.

"குரல் அவன்ர. ஆள் அவனில்லை." பிறகு, "அவன் என்னை ஒருநாளும் அப்பிடிக் கூப்பிட்டதில்லையே" என்றார். "அப்ப... பெட்டிக்குள்ள இருந்தது அவன்தானே தம்பி?"

"ஓமம்மா."

அம்மா அழுத சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. நான்கு மாதம் அழாமல் வைத்திருந்தது. வரதன் அண்ணை எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். அபி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகும்போது வரதன் அண்ணை கதவடியில் வந்து, சீலனுக்குக் கல்வெட்டு இன்னும் அடிக்கவில்லைத்தானே, தானே அடித்துத் தருவதாகச் சொல்லத் தொடங்கினார். "எந்தக் குரலில அண்ணை?" என்று கேட்டேன். அவர் கதவை மெதுவாகச் சாத்தினார்.

செவ்வாய்க்கிழமை திரும்பினேன். ரமணி அக்கா பஸ்ஸுக்கு இடியப்பம் கட்டித் தந்தார். இந்தமுறை பொலிஸ் ஏறவில்லை. ஆனாலும் வழி முழுக்கப் பயமாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அம்மாவுக்குக் குரல் பதிந்து அனுப்புவதை விட்டுவிட்டேன். போனில் கதைக்கும்போதுகூட யாரோ பக்கத்தில் இருந்து என் குரலைப் படித்துவைக்கிற மாதிரி இருக்கிறது. அண்ணா அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுவான் என்று இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னவர்கள் கேட்டார்கள். சொல்லமாட்டேன். எழுதினால் அதுவும் மிஷினுக்குப் போய்விடும். அது ஒன்றுதான் எங்களிடம் மிச்சம்.

அந்தியேட்டியை வருகிற மாதம் கீரிமலையில் செய்ய அம்மா ஐயரிடம் சொல்லிவிட்டார். என்னால் போகமுடியாது. ஜிம்மி படலையடியில் படுத்துக்கொண்டு சரியாகச் சாப்பிடுவதில்லையாம். யார் யாருக்கோ அவன் எழுதிய பொய், அவனுக்கு மட்டும் உண்மையாகிவிட்டது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், ஓர் அந்தியேட்டியில் கல்வெட்டு வாசிக்கும்போது காது மடிந்த நாய் ஒன்று வந்தால் சிரித்துவிடாதேங்கோ. அது எங்கள் நாய். மூச்சு இழுக்கிற அந்தக் குரல் என் அண்ணனுடையது. அவனை யாரும் கேட்கவில்லை. அங்கே இறந்தவருக்காகக் கும்பிடும்போது, பக்கத்தில் சீலன் என்ற பெயரையும் ஒருமுறை சொல்லிக் கும்பிடுங்கோ. அவன் இனியாவது வாசிக்காமல் இருக்கட்டும்.